மொசக்கல் மலையில் பிடிபட்ட ஜப்பான்காரர்

திண்டிவனம்,
சித்ரபானு வருஷம், சித்திரை 22, செவ்வாய்க்கிழமை

காணையில் மாமாவோடும் மகள் அம்சாவோடும் சுகமாய் இருக்கும் என் மூத்த சகோதரி கிருஷ்ணவேணி அம்மாள் அவர்களுக்கு, தம்பி சக்கரபாணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொண்டது. நெடுஞ்சாண்கிடை என்பது இந்தத் தடவை வாய் உபசாரம் இல்லை. முழங்கால் இரண்டும் மடங்காததால் விழுந்தால் அப்படித்தான் விழ முடியும். இங்கே நானும் செண்பகமும், தாங்கள் பார்த்துக்கொள்ளச் சொன்ன மெட்ராஸ் மாப்பிள்ளை வெங்கடாசலமும் உயிரோடு இருக்கிறோம். அதற்காக முதலில் ஆண்டவனுக்கும், அடுத்தபடி தங்களுக்கும், அதற்கும் அடுத்தபடி பாஞ்சாலி என்கிற ஒரு அம்மாளுக்கும் என் நன்றியைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதிக்கொண்டே போனால் எனக்கு விஷயம் வராது. நீ என்றே எழுதுகிறேன், கோபிக்காதே.

போன மாதம் காக்கிநாடாவில் குண்டு விழுந்த சேதி வந்து மெட்ராஸே மூட்டை கட்டியபோது நீ ஒரு கார்டு போட்டாய். அம்சாவுக்குப் பேசியிருக்கிற வெங்கடாசலம் திண்டிவனத்துக்கு வருகிறார், உன் வீட்டில்தான் தங்குவார், அவருக்குத் தெரியாமல் குணத்தைக் கவனித்து எழுது என்று. அந்தக் கார்டு வந்த மூன்றாம் நாள் தகரப் பெட்டியும் ஹோல்டால் படுக்கையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்று, "சார், நான் வெங்கடாசலம், மெட்ராஸ்" என்றார். வாங்க வாங்க என்று உள்ளே கூப்பிட்டு மாடியறையைக் கொடுத்தோம். இரண்டு வாரம் கவனித்தேன். காலையில் எழுந்தார், குளித்தார், போட்டதைச் சாப்பிட்டார், பேப்பர் படித்தார். இதில் குணம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே உனக்கு எழுதினேன். உடனே உன் இரண்டாவது கார்டு வந்தது. "வூட்ல உக்கார வச்சு சோறு போட்டா எவனும் நல்லவனாத்தான் இருப்பான். வெளியில கூட்டிக்கினு போ. வெயில்ல நடக்க வச்சுப் பாரு." அந்த ஒரு வரியில் தொடங்கியதுதான் எல்லாம். உன் புத்தியே புத்தி.

வெளியே எங்காவது போகலாமா என்று நான் வாயெடுத்தவுடன் அவர் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரி பிரகாசமாகிவிட்டது. மெட்ராஸில் அவருடைய கப்பல் கம்பெனி ஆபீஸில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் சனி ஞாயிறு வந்தால் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். அதற்குக் காம்பிங் என்று பேர். நடந்து ஏறுவதற்கு ஹைக்கிங் என்று பேர். இதற்கென்று அவரிடம் படம் போட்ட இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று இருக்கிறது, இரண்டு வருஷமாகப் படிக்கிறாராம், மலையை மட்டும் இன்னும் பார்த்ததில்லையாம். செஞ்சியைத் தாண்டி, ரோட்டை விட்டு ஐந்து மைல் உள்ளே மொசக்கல் மலை என்று ஒரு காட்டு மலை இருப்பதாக எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் சொன்னான். அதுதான் என்று முடிவாயிற்று. செண்பகம் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். "ஜப்பான்காரன் வந்தா நான் ஒண்டியா இன்னா பண்றது? நானும் வர்றேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் புளிசோறு கிளறப் போய்விட்டாள்.

கூடாரத்துக்கு எங்கே போவது? யுத்தக் காலத்தில் கான்வாஸ் கிடைக்குமா? என் வேட்டி ஆறு, அவர் வேட்டி இரண்டு, எட்டையும் செண்பகம் மிஷினில் உட்கார்ந்து ஒன்றாக மூட்டினாள். புஸ்தகத்தில் இருக்கிறபடி ஓரங்களில் பன்னிரண்டு கயிறு வைத்துத் தைத்தாள். வெள்ளை வெளேரென்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எனக்கென்று மிஞ்சியது இடுப்பில் கட்டியிருந்த வேட்டி ஒன்றும் ஒரு துண்டும்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். இப்போதெல்லாம் பெட்ரோல் இல்லாமல் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிறார்களே, அந்த பஸ். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம், பள்ளத்தில் அதுவே ஓடியது, நாங்கள் பின்னால் ஓடினோம். ஆகவே ஹைக்கிங் செஞ்சிக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். வெங்கடாசலம் காக்கி நிஜாரும், யாரோ ராணுவத்தான் விற்ற பூட்சும், தலையில் சோலா தொப்பியும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியுமாகப் புறப்பட்டிருந்தார். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசு. நடக்கிறபோது கால் ஒரு பக்கமும் பூட்ஸ் ஒரு பக்கமும் போயின. செஞ்சியில் இறங்கி, சித்திரை வெயிலில், பாத்திர மூட்டையும் கூடார மூட்டையும் ஸ்டவ்வும் தூக்கிக்கொண்டு ஐந்து மைல். அந்த ஐந்து மைல் அவருடைய வரைபடத்தில் இரண்டு அங்குலம்தான், அதையே அடிக்கடி காட்டி எங்களைத் தேற்றினார். படத்தில் நீலமாக இருந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே மாடு மேய்கிறது. உனக்கு வேண்டியது குணம்தானே, இங்கே எழுதிக்கொள்: கால் முழுக்கக் கொப்புளம், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. செண்பகத்தின் மூட்டையைக் கேட்டு வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் என் மூட்டையை நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மலைமேல் ஒரு பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்தில் சிறிய சுனை. தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் நான் அவசரமாகக் குனிந்தேன், பாசி வழுக்கியது, வேட்டியோடு உள்ளே போனேன். இடுப்பளவுதான். வெங்கடாசலம் பூட்சோடு குதித்து என்னைத் தூக்கினார். கூடாரம் அடித்ததும் ஈர வேட்டியை அவிழ்த்து அதன் கயிற்றில் காயப் போட்டுவிட்டுத் துண்டோடு உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டேன். அக்கா, பொய் சொல்லக்கூடாது, அந்த ஒரு மணி நேரம் எனக்கு இந்திரலோகம். காற்று சிலுசிலுவென்று வந்தது. பள்ளிக்கூடம், யுத்தம், டிராயிங் பரீட்சைப் பேப்பர் எதுவும் ஞாபகம் இல்லை. செண்பகம் கல்யாணமான இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு அந்தக் காற்றே பெரிசாயிற்று. கூடாரம் முதலில் வயிற்றை உப்பியது. புஸ்தகத்தில் சொன்னபடி முளை அடிக்கப் பாறையில் மண் இல்லாததால் கயிறுகளைக் கல் வைத்துத்தான் கட்டியிருந்தோம். இரண்டு கல் உருண்டது. மூன்றாவது கயிற்றை வெங்கடாசலம் பாய்ந்து பிடித்தார். அது அவரை இருபது அடி இழுத்துக்கொண்டு போய் ஒரு காரைச் செடிமேல் போட்டுவிட்டு, எட்டு வேட்டியும் பன்னிரண்டு கயிறும், கூடவே என் ஒன்பதாவது வேட்டியுமாக, பாறையைத் தாண்டி ஆகாயத்தில் கிளம்பிவிட்டது. கோபுரத்துக் கலசம் மாதிரி உப்பிக்கொண்டு, மெதுவாக, ஆடி ஆடி, கீழே மல்லாட்டைக் கொல்லையில் போய் இறங்கியது. கொல்லையில் காய் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரே கூச்சல். ஊரைப் பார்த்து ஓடினார்கள். "பாவம், காத்துக் கறுப்புன்னு பயந்துட்டாங்க போல. நாமளே போய் வெளங்கச் சொல்லிட்டு வேட்டியை எடுத்தாந்துடலாம்" என்றேன் நான். அப்படிச் சொன்ன என் புத்தியை என்னவென்று எழுத!

மலையிறங்கிக் கொல்லைக்குப் போய் வேட்டியில் கை வைத்தோமோ இல்லையோ, நாலு பக்கமும் தம்பட்டம் அடித்தது. மண்வெட்டி, கொடுவாள், உலக்கை, ஏர்க்கால் என்று கையில் கிடைத்ததோடு ஊரே வந்து வளைத்துக்கொண்டது. முன்னால் நின்றவள் பாஞ்சாலி. நல்ல உயரம், கையில் களைக்கொத்து. "அசையாத! அசைஞ்சா கொத்திப்புடுவேன்!" என்றாள். வெங்கடாசலம் இரண்டு கையையும் தூக்கினார். பதற்றத்தில் அவருக்குத் தமிழ் மறந்துபோய், "பிரெண்ட்ஸ்! பிரெண்ட்ஸ்!" என்றார்.

"கேட்டீங்களா, ஜப்பான் பாஷை" என்றாள் பாஞ்சாலி.

"ஐயோ, நான் தமிழன்தாங்க! மெட்ராஸ்!"

"தமிழனா? அப்ப சொல்லு பாக்கலாம்." பாஞ்சாலி கீழே குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இதுக்கு இன்னா பேரு?"

அவர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கவனமாகப் பார்த்து, பள்ளிப் பிள்ளை மாதிரி, "வேர்க்கடலை" என்றார்.

"வேர்க்கடலையாமே!" என்று கூட்டம் முழுக்க ஒரு சத்தம். "மல்லாட்டைன்னு சொல்லத் தெரியலே, இவன் தமிழனாம்! புடிச்சுக் கட்டுங்க ஜல்தி!" எங்கள் கூடாரக் கயிற்றை அறுத்தே அவரைக் கட்டினார்கள். செண்பகம் வைத்துத் தைத்த கயிறு, நல்ல கெட்டி.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "மல்லாட்டை! மல்லாட்டை! மல்லாட்டை!" என்று நான் கேட்காமலே மூன்று தடவை சொன்னேன். பாஞ்சாலி என்னையும் என் துண்டையும் செண்பகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "நம்ம பக்கத்து ஜனங்கதான். வழி காட்டச் சொல்லி இழுத்துக்கினு வந்துருக்கான் பாவி. கட்டின துணியக்கூட உருவிக்கினு வுட்டுருக்கான் பாரு. நீங்க போங்கய்யா. அம்மா, நீ அழாத, போ" என்றாள்.

அக்கா, இங்கேதான் நீ கேட்ட குணம் வருகிறது. கட்டுண்டு கிடந்த அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டி, "சார், நீங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு பாஞ்சாலியிடம், "ஆமாம்மா, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவங்களை விட்டுடுங்க" என்றார். நாற்பது பேர் ஆயுதத்தோடு நிற்கும்போது ஒருவன் எங்களுக்காகத் தன்னை ஜப்பான்காரன் என்று ஒப்புக்கொண்டான். செண்பகம் என் துண்டைப் பிடித்து இழுத்தாள், போகலாம் என்பதற்கு இல்லை. "இன்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க? சொல்லுங்க" என்றாள். எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்கு இதுவரை நான் எழுதாத விஷயம் அது.

பங்குனி மாதம் தாலூக்காவில் பள்ளிக்கூட வாத்தியார்களைப் பிடித்து, யுத்த ஜாக்கிரதை பற்றிச் சந்தை சந்தையாகப் பேச அனுப்பினார்கள். இந்தப் பக்கத்துச் சந்தை என் தலையில் விழுந்தது. தலைப்பாகையும் கோட்டும் போட்டு, மாட்டு வண்டிமேல் ஏறி நின்று, தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு நான் பிரசங்கம் செய்தேன். ஆகாயத்திலிருந்து வெள்ளைத் துணி இறங்கினால் இன்னின்ன செய்யுங்கள் என்று. ஜனங்கள் மாம்பழம் வாங்குவதிலேயே கவனமாக இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை என்று வருத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். வருத்தமே பட்டிருக்க வேண்டாம். பாஞ்சாலி கேட்டிருக்கிறாள், ஒரு எழுத்து விடாமல்.

"பாஞ்சாலியம்மா, சந்தையில வண்டி மேல ஏறிப் பேசின வாத்தியார் நான்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "அவரு கோட்டுப் போட்டுக்கினு, தலப்பா கட்டிக்கினு, எப்படி ராஜா மாதிரி இருந்தாரு! நீ துண்டு கட்டிக்கினு வந்து நாந்தான்றியா? பயத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு பாவம்" என்றாள். வேறு வழி என்ன? வரப்பில் ஏறினேன். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டேன். மறு கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "மகாஜனங்களே! ஆகாயத்திலிருந்து வெள்ளைத் துணி இறங்கினால் ஓடாதீர்கள்! வந்தவன் காக்கி நிஜார் போட்டிருப்பான், கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருப்பான், சிநேகிதன் சிநேகிதன் என்பான், நம்பாதீர்கள்! நம் ஊர்ப் பேச்சைப் பேசச் சொல்லிப் பாருங்கள்! சுற்றி வளைத்துக்கொள்ளுங்கள்!" சொல்லச் சொல்ல எனக்கே வியர்த்தது. ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது! இந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருந்தால் நானே வெங்கடாசலத்தைக் கட்டியிருப்பேன். "வளைத்து" என்கிற இடத்தில் உரக்கக் கத்தினால் என் குரல் உடைந்து கீச்சென்று போகுமே, சின்ன வயசில் நீகூடக் கேலி செய்வாய், அது அங்கேயும் போயிற்று.

பாஞ்சாலி களைக்கொத்தைக் கீழே போட்டாள். "யம்மாடி! அதே கீச்சுக் குரலு! வாத்தியாரேதான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொல்லை முழுக்கச் சிரிப்பு. கட்டுண்ட நிலையிலேயே வெங்கடாசலமும் சிரித்தார். என் செண்பகம் சிரித்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

கட்டவிழ்த்த பிறகு பாஞ்சாலிக்குக் கொஞ்சம் சங்கடம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, பஸ் கிடையாது. "எங்க வூட்டுக் கூழு நீங்கல்லாம் குடிப்பீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் அந்தக் கொல்லையில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள், ஊருக்கு வெளியே வீடு. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யோசிக்கிற முகத்தோடு நின்றிருப்பேன் போலிருக்கிறது. செண்பகம் என்னைப் பார்க்கவே இல்லை, இரண்டு கையையும் நீட்டி, "குடும்மா, மத்தியானத்துலேருந்து தண்ணி தாகம்" என்றாள். கேப்பைக் கூழ், பச்சை மிளகாய், வறுத்த மல்லாட்டை. வெங்கடாசலம் மூன்று கலயம் குடித்தார். நான் இரண்டு. நீ இதை மாமாவிடம் சொல்லுவதானால் சொல், நான் ஒளிக்கப்போவதில்லை. கட்டிப்போட வந்த கைதான் எங்களுக்குப் பாய் விரித்து, வெங்கடாசலத்தின் கால் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பாறையில் விட்டுவந்த பாத்திரத்தை எடுக்க பாஞ்சாலியே எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் இரண்டு மணி நேரம் உருண்டு புரண்டு ஏறியதை விறகுக்குப் போகிற தடத்தில் அரை மணியில் ஏற்றிவிட்டாள். செருப்புகூட இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், வரிசையாகப் பனையும் ஏரியும் பனிப்புகையுமாகக் கிடந்த சீமையைக் காட்டினாள். "தெனம் வர்றேன், ஒருநாளும் உக்காந்து பாத்ததில்ல" என்று சொல்லி எங்களோடு உட்கார்ந்தாள். வெங்கடாசலம் தன் காம்பிங் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூட்டையிலேயே வைத்துவிட்டார். புறப்படும்போது அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வாணாங்க. பாராசூட் புடிச்சேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு வாத்தியாரே. எங்க ஊட்டுக்காரன் வெளியூரு போயிருக்கான், வந்தா நம்ப மாட்டான்" என்றாள். 'இதனால் சகலருக்கும் தெரிவிப்பது, பாஞ்சாலி அம்மாள் ஆகாய வஸ்துவையும் அதைச் சேர்ந்த ஆசாமியையும் தைரியமாகப் பிடித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த சர்டிபிகேட்டுகளில் அதுதான் முழுக்க உண்மை.

வேட்டிகள் வரவில்லை. கைப்பற்றிய துணியைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொன்னது யார்? அந்த ஊர் மணியக்காரர் சனிக்கிழமையே மூட்டை கட்டி முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். செண்பகத்தின் மாம்பழக் கலர் மாற்றுச் சேலையை வேட்டியாக மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். என் பழைய மாணவர்கள் நாலு பேர் அதே பஸ்ஸில் வந்தார்கள். எல்லாரும் மரியாதையாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே அக்கா, என் முடிவு இது. இந்தப் பிள்ளைக்கு மலை தெரியாது, வரைபடம் தெரியாது, மல்லாட்டை தெரியாது. ஆனால் அம்சாவுக்கு ஒரு ஆபத்து என்றால் முன்னால் நிற்பார். இதைவிட வேறென்ன வேண்டும்? சந்தேகமே இல்லாமல் ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடு. வெயிலில் நடக்க வைத்துப் பார் என்று நீ சொல்லாமல் போயிருந்தால் தங்கமான மனுஷனை நான் பேப்பர் படிக்கிறவர் என்று மட்டும் எழுதி முடித்திருப்பேன். உனக்கு ரொம்ப நன்றி. மாமாவுக்கு என் வணக்கம். அம்சாவுக்கு என் ஆசீர்வாதம்: அவள் வாழ்க்கை சுனைத் தண்ணீர் மாதிரி வற்றாமல் இருக்கட்டும், பாசி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு, உன் கையால் தலைவாரி வளர்ந்த தம்பி,
சக்கரபாணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தபால்காரர் உன் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை வெங்கடாசலம் இவ்வளவு நாளும் சேலத்தில் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நேரே காணையில் வந்து இறங்கியிருக்கிறார் என்றும், திண்டிவனம் பக்கமே வரவில்லை என்றும், கூழைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார் என்றும், அம்சா அவரோடு பேசவே மறுக்கிறாள் என்றும், "நீ இத்தனை நாளா யாருக்குடா சோறு போட்டுக்கினு இருக்கே?" என்றும் எழுதியிருக்கிறாய். மாடிக்கு ஓடிப் போய்க் கேட்டேன். எங்கள் ஹெட்மாஸ்டர்தான் மெட்ராஸிலிருந்து வந்தவர்களை ஆளுக்கு ஒருவராக வாத்தியார்கள் வீட்டுக்கு அனுப்பினாராம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. இவர் வேறு வெங்கடாசலம். கல்யாணப் பேச்சு என்று ஒன்று இருப்பதே இவருக்குத் தெரியாது. இனி அவர் என்று எழுதுவதா அவன் என்று எழுதுவதா என்றுகூட எனக்குப் புரியவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், செண்பகம் பிடுங்கிக்கொண்டாள். "மாப்பிள்ளைதான் தப்பு, எழுதினது ஒண்ணும் தப்பில்ல" என்கிறாள். பூர்வீகம் செங்கல்பட்டுப் பக்கமாம், நம் வகையறாதானாம், இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், மூன்றையும் அவளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பிள்ளை வெகுநேரம் வெட்கப்பட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், அவங்களுக்கு மலை ஏறப் பிடிக்குமா?" அம்சாவைக் கேட்டு உடனே பதில் எழுது.